பெயிண்ட் காயிற வரைக்கும்

இல்லைங்க அக்கா, மொட்டை போடல. வேண்டுதலும் இல்ல. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. பழனியா, சமயபுரமா, திருப்பதியான்னு. பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிற அம்மா என் தலையைப் பாத்துட்டு, "எங்க சொருகுவ, காதுலயா?"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் அவங்களுக்கே சங்கடமாப் போயிடுச்சு போல, திரும்பிக்கிட்டாங்க. இந்த முடி சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிச்சதுல போனது. சிரிக்காதீங்க, நிஜமாத்தான்.

ஜன்னலோரம் உக்கார விட்டதுக்கு ரொம்ப நன்றி. காத்து வேணும்போல இருக்கு. தலை லேசாக் கிறுகிறுக்குது, இது பெயிண்டுல கலக்குற தின்னர் வாசத்தால. போகப் போகச் சரியாயிடும். நீங்க திருச்சியா? நான் குளித்தலை வரைக்கும். அங்க நான் படிச்ச காலேஜ்லயே எனக்கு வேலை கிடைச்சிருக்கு. தாவரவியல் லேப்ல உதவியாளர். செடி கொண்டுவந்து வைக்கணும், மெல்லிசா வெட்டி மைக்ராஸ்கோப்புக்கு எடுத்துக் குடுக்கணும், பிள்ளைங்க போனப்புறம் கண்ணாடியெல்லாம் கழுவி வைக்கணும். பெரிய வேலையில்ல. ஆனா நான் ஆசைப்பட்ட வேலை. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும். ஏற்கெனவே ரெண்டு தடவை தேதி தள்ளியாச்சு. எங்க டிபார்ட்மெண்ட் மேடம் சொல்லிட்டாங்க, "இதுக்கு மேல என்னால முடியாது மஞ்சரி, அடுத்த பொண்ணு காத்துட்டு இருக்கா"ன்னு.

சாதாரணமா நான் இவ்வளவு பேச மாட்டேன் அக்கா. என் குரலையே கேக்காத பிள்ளைங்க எங்க வகுப்புல இருந்தாங்க. கொஞ்ச நாளா பேச ஆள் இல்லாம இருந்தேனா, இப்ப வாயைத் திறந்தா மூட வரல.

எங்க வீட்டுக்காரர் கரூர்ல பஸ் பாடி கட்டுற பட்டறையில பெயிண்டர். சும்மா தூரிகை பிடிக்கிற பெயிண்டர் இல்ல. புது பஸ்ஸுக்குக் கடைசியா அடிக்கிற கோட், அந்தக் கண்ணாடி மாதிரி மினுக்குமே, அது அவர் கைதான். அவர் அடிச்ச பஸ்ஸுல முகம் பாத்துப் பொட்டு வெச்சுக்கலாம். கல்யாணத்துக்கு முன்னாடியே தரகர் சொன்னார், "மாப்பிள்ளைக்குக் குடி இல்ல, சீட்டு இல்ல, தூசின்னா மட்டும் ஆகாது"ன்னு. எங்க அம்மா சிரிச்சுட்டு, "அப்ப என் பொண்ணு குடுத்து வெச்சவ"ன்னாங்க. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு.

என் சைக்கிள் பிளஸ் ஒன்ல கவர்மெண்ட் குடுத்தது. அந்தச் சைக்கிள்லதான் பள்ளிக்கூடம், அதுலதான் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்க் காலேஜ். சீர்ச் சாமானோட அதையும் லாரியில ஏத்தினப்ப எங்க சித்தப்பா, "ஏம்மா, இந்தத் துருவையுமா கரூருக்குக் கடத்துற?"ன்னு கேட்டார். நான் விடல. எங்க வீடு கரூர் தாண்டி, புதுசா மனை போட்ட இடத்துல மாடி. மினி பஸ் வந்தா உண்டு, இல்லன்னா இல்ல. சைக்கிள் இருந்தா நானே பஸ் ஸ்டாண்டு போய், அங்க விட்டுட்டு, பஸ் பிடிச்சுடலாம்னு கணக்குப் போட்டிருந்தேன்.

வேலை கிடைச்சிருக்குன்னு சொன்ன அன்னைக்கு அவர் சாப்பிட்டுட்டு இருந்தார். சாப்பிட்டு முடிச்சார். கை கழுவினார். வெளிய வந்து சைக்கிளைச் சுத்திச் சுத்திப் பாத்தார். எனக்குப் பயம், வேண்டாம்னு சொல்லிடுவாரோன்னு. அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"வேலைக்குப் போறவ இதுலயா போவ? லோகு பொண்டாட்டி தகர டப்பாவுல போறாள்னு பட்டறையில சிரிக்க மாட்டானுங்களா? இரு கண்ணு. நானே அடிச்சுத் தாரேன். போனா ஊரே திரும்பிப் பாக்கோணும். எந்தச் சந்துல நீ நின்னாலும் பளிச்சுனு தெரியோணும்."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு அக்கா. எத்தனை பேரு புருஷன் இப்படிச் சொல்லுவாங்க?

அன்னைக்கே சைக்கிளைப் பிரிச்சுட்டார். சக்கரம், பெடல், சீட்டு எல்லாம் சாக்குல கட்டிப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிட்டார், துரு எடுக்க. செயின் கவர்ல வெள்ளை பெயிண்டுல என் பேரை எழுதி வெச்சிருந்தேன், குட்டியா ஒரு இலையும் போட்டு. உப்புத்தாள் எடுத்ததும் முதல்ல அதைத்தான் தேச்சார். "பேரு எதுக்கு, நம்மளது நமக்குத் தெரியாதா?"ன்னார். அதுவும் சரிதானே.

பட்டறையிலயே அடிச்சா என்னன்னு நான் கேட்டேன். அங்க எல்லாமே காத்தடிக்கிற மெஷின், பெரிய ரூம், வசதி. "ஊரான் பஸ்ஸோட நிறுத்தியா உன்றத அடிப்பேன்? உன் கண்ணு முன்னால, நம்ம வீட்டுல அடிக்கோணும்"னு சொல்லிட்டார்.

எங்க ஹால்ல தொட்டில் கட்டுறதுக்குன்னு மேல ஒரு கொக்கி இருக்கு. அதுல கம்பி போட்டு சைக்கிள் சட்டத்தைத் தொங்கவிட்டார். வெறும் சட்டம் அக்கா, கையும் காலும் இல்லாம. காத்தே இல்லாட்டியும் அது மெதுவாத் திரும்பிட்டே இருக்கும். சுவர் முழுக்க பிளாஸ்டிக் தாள். ஜன்னலுக்கெல்லாம் பேப்பர் ஒட்டி, ஓரம் பூரா டேப். ஃபேன் போடக்கூடாது, தூசி பறக்கும். தரையில தண்ணி தெளிச்சு வைக்கணும், தூசி எழும்பாது. அடுப்புப் பத்தவைக்கக் கூடாது, தின்னர்ல தீப் பிடிச்சுக்கும். சாப்பாடு அவரே வாங்கிட்டு வந்துடுவார். நான் ரூமுக்குள்ள உக்காந்திருக்கணும், ஹால்ல நடக்கக் கூடாது.

இந்த மாதிரி மினுமினுக்கிற பெயிண்டு ஒரே தடவையில அடிக்கிறது இல்ல, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அடியில பிரைமர், அதுக்கு மேல வெள்ளி, அதுக்கு மேல மினுக்குத் தூள், அதுக்கு மேல கலர், கடைசியா கண்ணாடிக் கோட். ஒவ்வொண்ணும் காயணும், தேய்க்கணும், துடைக்கணும். நடுவுல ஒரு தூசி உக்காந்தா போச்சு. பொன்வண்டு முதுகு மாதிரி வரணும்னு அவருக்கு ஆசை. சின்ன வயசுல தீப்பெட்டிக்குள்ள ஒரு பொன்வண்டு வெச்சிருந்தாராம். தினமும் இலை போடுவாராம். "தொறந்து விட்டாலும் பறக்காது கண்ணு, அவ்வளவு பாசம்"னு சொல்லுவார். அதைச் சொல்றப்ப அவர் முகம் குழந்தை மாதிரி ஆயிடும்.

அவர் வெளியில பூட்டிட்டுப் போனதுக்கும் காரணம் அந்தத் தூசிதான். யாராவது தட்டினா நான் பாட்டுக்கு மறந்து கதவைத் திறந்துடுவேன், வெளிக்காத்து உள்ள வந்துடும். போனையும் அவரே எடுத்துட்டுப் போயிடுவார். போன் அடிச்சா நான் ஓடுவேன், ஓடினா புடவைக் காத்துக்குத் தூசி எழும்பும். கேக்க வேடிக்கையா இருக்கும், ஆனா யோசிச்சுப் பாத்தா நியாயந்தான். எங்க அம்மா கூப்பிட்டப்பல்லாம், "தூங்குறா அத்தை"ன்னு சொல்லியிருக்கார். அம்மா அதுல வேற எதையோ நினைச்சுட்டு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க, எனக்கு மசக்கைன்னு.

கீழ் வீட்டுப் பாப்பாயி அத்தை, அவங்கதான் ஓனர், ஒருநாள் துணி காயப்போட மேல வந்தாங்க. கதவுக்கு வெளிய நின்னு சத்தம் போட்டாங்க.

"ஏன் அம்மிணி, உம்புருசன் உள்ள ராக்கெட்டா கட்டுறான்? மூக்கெரியுது, ஊரே நாறுது!"

"சைக்கிளுக்குப் பெயிண்டுங்க அத்தை."

"சைக்கிளுக்கா? கலியாண மண்டபத்துக்கே இத்தனை நாள் அடிக்க மாட்டாங்களே! கதவத் தொறந்துட்டுப் பேசு சாமி, செவுத்தோட பேசுற மாதிரி இருக்குது."

"பூட்டியிருக்குங்க அத்தை."

பூட்டை இழுத்துப் பாக்குற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் மெதுவா, "சாவி?"ன்னு கேட்டாங்க.

"அவர்கிட்ட."

படியிறங்கிப் போற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அன்னைக்குச் சாயங்காலம் அவர் கீழ போய் அவங்ககிட்டப் பேசிட்டு வந்தார். சிரிச்சுட்டேதான் பேசினார், எனக்குச் சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் அவங்க துணியைக் கீழயே காயப்போட ஆரம்பிச்சுட்டாங்க.

போன் அடிக்குது. அவர்தான். பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்காது, இறங்கினதும் பேசிக்கறேன். இது என்ன ஊரு, மாயனூரா? காவிரியில தண்ணி எவ்வளவு போகுது பாருங்க! வெளியில இவ்வளவு வெளிச்சம் இருக்குங்கறதே மறந்து போச்சு.

எங்க விட்டேன்? ஆங். முதல் தேதிக்கு முந்தின நாள் ஒரு தப்புப் பண்ணிட்டேன். என் தப்புதான். கலர் அடிச்சு முடிச்சு அவர் வேலைக்குப் போயிருந்தார். இருட்டு ரூமுக்குள்ள உக்காந்து அலுத்துப்போய், சுவரோரமா மெதுவா நடந்து வந்து பாத்தேன். ஜன்னல் பேப்பர் ஓரத்துல கொஞ்சம் வெளிச்சம் விழுந்து, நீலமா இருக்குன்னு பாத்தா பச்சை, பச்சைன்னு பாத்தா செம்பு. சத்தியமா அவ்வளவு அழகு. காஞ்சிருக்கும்னு நினைச்சு லேசாத் தொட்டுட்டேன்.

அவர் வந்ததும் முதல்ல டார்ச் அடிச்சுப் பாப்பார். பாத்தார். திட்டல அக்கா. ஒரு வார்த்தை திட்டல. "இங்க வா கண்ணு"ன்னார். என் கையை எடுத்து, ஒவ்வொரு விரலா அந்தத் தடத்து மேல வெச்சு வெச்சுப் பாத்தார். அவசரமே படல. ஒரு விரலை வெச்சு அழுத்துவார், எடுத்து டார்ச்சுல பாப்பார், அடுத்த விரல். மோதிர விரல்னு தெரிஞ்சதும்தான் சிரிச்சார். "பாத்தியா, பெயிண்டு பொய் சொல்லாது"ன்னார். அப்புறம் உக்காந்து மொத்தத்தையும் திரும்பத் தேச்சார், இரும்பு தெரியிற வரைக்கும். எனக்குத்தான் பாவமா இருந்துச்சு. அத்தனை உழைப்பு. மேடத்துக்கு அவரே போன் பண்ணி, எனக்குக் காய்ச்சல்னு சொல்லித் தேதி தள்ளி வாங்கிட்டார்.

அதுக்கப்புறம் வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி என் விரலுக்கெல்லாம் டேப் சுத்திவிட்டுட்டுப் போவார். பஸ்ஸுல கோடு போடுறதுக்கு ஒட்டுவாங்களே, அந்தக் காகித டேப். ரெண்டு கையும் சேர்த்து இல்ல, தனித்தனி விரலாத்தான். மெதுவாச் சுத்துவார், வலிக்கவே வலிக்காது. தண்ணி குடிக்கத்தான் கொஞ்சம் சிரமம். பழகிடுச்சு.

அப்படிப் பாக்காதீங்க அக்கா. நீங்க என்னவோ மாதிரி பாக்குறீங்க. நான் சொல்ற விதத்துல தப்பாத் தெரியுது போல. நேர்ல பாத்தா உங்களுக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்கும். யார்கிட்டயும் குரலை உசத்திப் பேசினதில்ல.

முடி போனது ரெண்டாவது தேதிக்கு. கண்ணாடிக் கோட் அடிச்சு, காஞ்சு, கல்லு மாதிரி ஆகியிருந்துச்சு. நான் புடவையெல்லாம் எடுத்து வெச்சாச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தா ஹேண்டில் மாட்டுற இடத்துக்குப் பக்கத்துல, உள்ளுக்குள்ள ஒரு முடி. கண்ணாடிக்குள்ள மாட்டின மாதிரி, நீளமா, வளைஞ்சு. எடுக்கவே முடியாது, கோட்டுக்கு அடியில இருக்கு. அவர் அதையே பாத்துட்டு ரொம்ப நேரம் நின்னார். அப்புறம் ரொம்பச் சோர்வா, "ஏன் கண்ணு, நீ வேலைக்குப் போகோணும்னு உனக்கே நெசமா ஆசை இல்லையா?"ன்னு கேட்டார்.

அது எனக்குச் சுருக்குனு தைச்சுடுச்சு. ஏன்னா அவர் எனக்காக அடிக்கிறார், நான்தான் ஒவ்வொரு தடவையும் கெடுக்கறேன். ஒரு தடவை விரல், ஒரு தடவை முடி. நானே வெட்டிக்கறேன்னு சொன்னேன். நானேதான் சொன்னேன், அவர் கேக்கல. "உனக்குப் பின்னால தெரியாது"ன்னு அவர்தான் கத்திரி வாங்கி வெட்டிவிட்டார். ஈரத்துணி விரிச்சு, ஒரு முடி வெளிய விழாம. அவர் கை அவ்வளவு சுத்தம்.

திரும்பத் தேச்சு, திரும்ப அடிச்சு, போன வாரந்தான் முடிஞ்சுது. இந்தத் தடவை ஒரு குறை இல்ல. பாத்தா நீங்க சைக்கிள்னே சொல்ல மாட்டீங்க. சாமி நகை மாதிரி இருக்கு. சக்கரம் எப்ப மாட்டுவீங்கன்னு கேட்டேன். "அடிச்சது மட்டும் போதுமா? உள்ளுக்குள்ள இறுகோணும். தை போயி மாசி வரட்டும்"னார். நாளைக்குக் கடைசி நாளாச்சேன்னு நேத்துச் சொன்னேன். டார்ச்சை அணைச்சுட்டுப் படுத்துட்டார். காலையில என் கையை எடுத்து டேப் சுத்தவும் இல்ல. சாப்பிட்டார், கிளம்பிட்டார்.

கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கவனிச்சேன், பூட்டுற சத்தமே கேக்கலையேன்னு. போய் இழுத்துப் பாத்தேன். கதவு சும்மா சாத்தியிருந்துச்சு! போனும் அலமாரி மேல இருந்துச்சு, சார்ஜ் போட்டு. எனக்கு அழுகையே வந்துடுச்சு அக்கா. அவருக்கு வாயால போயிட்டு வான்னு சொல்ல வராது. அதான் இப்படிச் சொல்லியிருக்கார். ஆம்பளைங்க அப்படித்தானே? ஒரு நிமிஷத்துல புடவை மாத்தி, சர்டிபிகேட்டைப் பையில போட்டுட்டு, தூசி பறக்காம மெதுவாக் கதவைச் சாத்திட்டு இறங்கினேன். கீழ பாப்பாயி அத்தை நின்னாங்க. என் தலையைப் பாத்து வாயில கை வெச்சுட்டாங்க. "ஓடு சாமி"ன்னு மட்டும் சொன்னாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதோ.

திரும்ப அடிக்குது. இத்தனை தடவை கூப்பிட மாட்டார். எடுத்துடறேன். ஒரு நிமிஷம்.

ஹலோ... ஆங்... கேக்குதுங்க... பஸ்லங்க... குளித்தலைக்குத்தான்... இல்லங்க, கதவு திறந்திருந்துச்சு, அதான் நீங்க... இல்லங்க, நான் அப்படி நினைக்கல... சாப்பிட்டீங்களா?... ஏங்க?... ம்... ம்... சரிங்க... லாலாப்பேட்டை வரப் போகுதுங்க... சரிங்க.

ஒண்ணும் இல்ல அக்கா. திட்டல. நல்லாத்தான் பேசினார். இன்னைக்குப் பட்டறைக்கே போகலையாம். தெருமுனை டீக்கடையில உக்காந்திருந்தாராம், காலையில இருந்து. நான் படியிறங்கினது, பாப்பாயி அத்தைகிட்ட நின்னது, மினி பஸ் ஏறினது, எல்லாம் பாத்தாராம். இந்தப் புடவை எனக்கு நல்லா இருந்துச்சுன்னார். "ஒரு தடவையாச்சும் திரும்பிப் பாப்பேன்னு நெனச்சேன் கண்ணு"ன்னார்.

இப்ப வீட்டுல இருக்காராம். நான் வர்ற வரைக்கும் சாப்பிட மாட்டாராம். கதவை அகலத் திறந்து வெச்சுட்டு அதுக்கு நேரா உக்காந்திருக்காராம். "நீ வந்துதான் சாத்தோணும்"னார்.

பாருங்க அக்கா, கதவை! ஒரு தூசி உள்ள வரக்கூடாதுன்னு இருந்தவர், எனக்காக அகலத் திறந்து வெச்சிருக்கார். ரோட்டுல லாரி போனா அத்தனை புழுதியும் உள்ள வரும். அவருக்கு இப்ப அதெல்லாம் பெருசாத் தெரியல. நான்தான் பெருசு.

குளித்தலை அடுத்ததுதான், தெரியும். சேர்ந்துட்டுப் போனாப் போதாதான்னு நீங்க கேக்குறது புரியுது. ஆனா ஆபீசுல உக்கார வைப்பாங்க, கையெழுத்து வாங்குவாங்க, மேடம் விட மாட்டாங்க, சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் அவர் ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க மாட்டார். சொன்னாச் சொன்னதுதான். அம்மாவுக்கா? அம்மாவுக்கு எதுக்குப் போன் பண்ணணும்? அவங்க தோகைமலையில இருக்காங்க, பயந்துடுவாங்க. போலீசா? ஐயோ, நீங்க என்ன அக்கா, எதுக்கெடுத்தாலும்... ஒரு மனுஷன் சாப்பிடாம உக்காந்திருக்கார், அதுக்குப் போய்.

அண்ணா, லாலாப்பேட்டை ஒண்ணு இறங்கணும்! குளித்தலை டிக்கெட்தான் அண்ணா, பரவாயில்ல, இங்கயே இறங்கிக்கறேன். கரூர் பஸ் எதிர்ப்பக்கந்தானே நிக்கும்?

வர்றேன் அக்கா. பேசிட்டே வந்ததுல நேரம் போனதே தெரியல. கொஞ்சம் எழுந்திரிங்க. பையை எடுத்துக்கறேன், காலை மட்டும் அந்தப் பக்கம் வெச்சுக்குங்க. அக்கா? நீங்க எழுந்தாத்தான் நான் இறங்க முடியும். கண்டக்டர் விசிலை வாயில வெச்சுட்டார். விளையாடாதீங்க அக்கா, அவர் கதவுக்கு நேரா உக்காந்திருக்கார். எழுந்திரிங்க. ஏன் இப்படிக் கம்பியைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கீங்க? அண்ணா, ஒரு நிமிஷம் அண்ணா, இந்த அக்கா எழுந்திரிக்க மாட்டேங்குறாங்க. அக்கா, வண்டி நகருது.

அக்கா.